வாய் மூடிய ஒன்று

நீலகுந்தா உயர்நிலைப் பள்ளியில் தானம்மா ஹூகாரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பிள்ளைகளுக்கும் சரி, ஆசிரியர்களுக்கும் சரி, அவள் 'ஒந்து டீச்சர்'. ஒந்து என்றால் கன்னடத்தில் ஒன்று. கரும்பலகையில் தேதி, வருகைப் பதிவேடு, மார்க் பட்டியல், ரயில் டிக்கெட் படிவம் என்று எதிலும் கன்னட எண்களைத்தான் எழுதுவாள். தன் போன் நம்பரைக்கூடக் கன்னட எண்ணில் எழுதிக் கொடுப்பாள். வாங்கியவர்களில் பாதிப் பேர் தப்பான ஆளுக்குப் போன் போட்டுத் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

இந்தப் பிடிவாதம் பதினெட்டு வயதில் பிடித்தது. அப்பா வீரபத்ரர் கோயில் வாசலில் பூவும் வில்வமும் விற்றவர். அவருக்குத் தெரிந்தது கன்னட எண் மட்டும். அவரிடம் கற்றவள், கல்லூரி விண்ணப்பத்தில் வயதை அப்படியே எழுதிக் கொடுத்தாள். குமாஸ்தா அதைத் தூக்கி வெளியே போட்டார். மூன்று நாள் கல்லூரி வாசலிலேயே உட்கார்ந்தாள். கடைசியில் முதல்வரே வந்து அதே தாளில் கையெழுத்துப் போட்டார். சின்ன வயதில் கிடைத்த அந்த ஒரு வெற்றிதான் அவளைக் கெடுத்தது என்பேன். பிறகு எங்கே போனாலும் அவளுக்கு ஒரு குமாஸ்தா தேவைப்பட்டான்.

கன்னட ஒன்று பார்க்க ஒரு வட்டம்தான். அடியில் மட்டும் கொஞ்சம் வாய் திறந்திருக்கும். அந்த வாய் மூடிவிட்டால் அது சைபர். எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் அவள் சொல்லும் முதல் பாடமே அதுதான்.

"வாயைத் திறந்து வைடா. மூடினா நீ முட்டை."

அந்த வாய்க்காகவே முப்பது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். இரக்கமே காட்டியதில்லை.

கணவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள் பெங்களூரில். தானம்மாவுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டே வருஷம். ஓய்வூதியம் கிடையாது. பள்ளிக்கு அரசு மானியம் வருவதற்கு முன்னால் உழைத்த பதினான்கு வருஷம் கணக்கிலேயே வரவில்லை. மானியம் வந்து சேர்ந்தபோது பழைய ஓய்வூதியத் திட்டத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். இந்தப் பக்கத்து நான்கு ஜில்லாவிலும் இப்படி நடுவில் மாட்டிக்கொண்ட ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கடைசிக் காலத்தில் மருமகன் வீட்டுச் சோறு என்ற நினைப்பு வந்தாலே அவளுக்கு ராத்தூக்கம் போய்விடும். இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

அதே படகில் இருந்தவர் கணக்கு வாத்தியார் நிங்கப்பா ஹடபத். அவளைவிட இரண்டு வயது இளையவர். இருபத்தாறு வருஷமாக ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலி. ஓய்வூதிய விவகாரத்தில் எந்த ஃபைல் எந்த மேஜையில் தூங்குகிறது என்பது அவருக்கு மனப்பாடம். சட்ட மேலவையின் ஆசிரியர் தொகுதிக்குத் தேர்தல் வருகிறது என்றதும் அவரை நிற்கச் சொன்னவள் தானம்மாதான்.

"நான் எதுக்கு அக்கா? அப்பாசாஹேப் தேசாய் நிக்கிறாரு. அவருக்கு நாப்பது காலேஜு. அவர் சம்பளம் குடுக்கிற வாத்தியாருங்களே ரெண்டாயிரம் பேரு. நம்மகிட்ட என்ன இருக்கு? சாக்பீஸ்."

"அந்த நாப்பது காலேஜ்ல ஒருத்தனுக்காவது பென்ஷன் உண்டா? அங்க போய்க் கேக்க நமக்கு ஒரு வாய் வேணும் நிங்கப்பா. ஒரே ஒரு வாய். நீ நில்லு, மீதியை நான் பாத்துக்கறேன்."

மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னாள். நிங்கப்பா நான்கு வருஷ வேலையை மிச்சம் வைத்துவிட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்தார். அவர் மனைவி சரோஜா பத்து நாள் தானம்மாவுடன் பேசவில்லை.

தேசாய் ஊர் ஊராக விருந்து வைத்தார். ஹோளிகெ என்ற போளி, மிளகாய் பஜ்ஜி, போகும்போது ஆளுக்கொரு ஸ்டீல் டிபன் கேரியர். மூடியில் அவர் முகமே ஒட்டியிருக்கும். நிங்கப்பா அரசு பஸ்ஸில் போனார். பொரியைப் பிசைந்து வைத்த கிர்மிட்டையும் டீயையும் எந்தப் பள்ளியில் கொடுத்தாலும் உட்கார்ந்து சாப்பிட்டு, கையோடு ஓய்வூதியக் கணக்கைப் போர்டில் போட்டுக் காட்டினார். மார்ச் மாதக் கடைசியில் காற்று மாறியது. தேசாயின் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டே பலர் நிங்கப்பாவின் கூட்டத்துக்கு வந்தார்கள்.

ஆனால் இந்தத் தேர்தலில் ஆள் வந்தால் மட்டும் போதாது. பட்டன் கிடையாது, காகிதச் சீட்டு. பெயருக்கு எதிரே ஒன்று, இரண்டு என்று விருப்ப வரிசையை எண்ணால் எழுத வேண்டும். டிக் போட்டால் செல்லாது, கையெழுத்துப் போட்டால் செல்லாது, எழுத்தால் 'ஒன்று' என்று எழுதினாலும் செல்லாது. சாவடியில் தரும் ஊதா ஸ்கெட்ச் பேனாவைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் போச்சு. படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்களே, இந்தத் தேர்தலைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். போன தடவை தொள்ளாயிரம் வாத்தியார்களின் ஓட்டு குப்பைக்குப் போனது.

அதனால் தானம்மா பள்ளி பள்ளியாகப் போய்ப் பயிற்சி கொடுத்தாள். மாதிரிச் சீட்டு ஜெராக்ஸ் எடுத்து, பால்பாயிண்ட் பேனா கொடுத்து, எழுத வைத்து, அங்கேயே திருத்தினாள். ஒரு தலைமையாசிரியர் நிங்கப்பா பெயருக்கு நேரே பெரிய டிக் போட்டு, பக்கத்தில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தார்.

"ஏன் சார், நிங்கப்பா உங்க வகுப்புல படிக்கிறானா?" என்று கேட்டாள். கூட்டமே சிரித்தது. அவரும் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

ரோண் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒரு அறிவியல் டீச்சர் எழுந்து நின்றாள். "அக்கா, கன்னட ஒந்து போட்டா செல்லுமா?"

விதிப் புத்தகம் தானம்மாவின் பையிலேயே இருந்தது. செல்லும் என்று அச்சிட்டிருந்தது. அன்று சாயங்காலம் அதை நிங்கப்பாவிடம் காட்டினாள். அவர் புத்தகத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"அக்கா, உங்க காலைப் புடிக்கிறேன். நேர்க்கோடு. ஒரே ஒரு நேர்க்கோடு போடச் சொல்லுங்க, போதும். கன்னடத் தொண்டெல்லாம் அடுத்த தேர்தல்ல வச்சுக்கலாம்."

"சரிப்பா, சரி."

மறுநாள் வேறொரு பள்ளி. அங்கேயும் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார். நிங்கப்பா வேறு ஊரில் இருந்தார். தானம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு விதிப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏன் செல்லாது? நம்ம ஆளு அங்க போய்ப் பேசப் போறது எந்த பாஷையில? அந்த பாஷையிலயே அனுப்பி வைங்க!"

கைதட்டல் அடங்க நேரமானது. கைதட்டல் பொல்லாத சரக்கு. ஒரு தடவை கேட்டுவிட்டால் மறுநாளும் காது அதைத் தேடும். அடுத்து எட்டுப் பள்ளிகளில், யாரும் கேட்காமலே, அவள் அதைச் சொன்னாள். நிங்கப்பாவிடம் சொல்லவில்லை.

வாக்களிக்கும் நாள். சாவடியில் அந்த ஊதாப் பேனாவைத் தானம்மா கையில் வாங்கினாள். முனை தடிமன். சீட்டோ மட்டக் காகிதம். வைத்த இடத்தில் மை ஊறிப் படர்ந்தது. முப்பது வருஷக் கை, உஷாராகப் பெரிய வட்டமாகப் போட்டு, வாயை அகலத் திறந்து வைத்தது. தான் பயிற்சி கொடுத்தது பால்பாயிண்டில் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்பது பள்ளிக்கும் போன் போட்டுச் சொல்லிவிடலாமா? வெளியே வந்தாள். பந்தலில் நிங்கப்பாவின் ஆட்கள் டீயை நீட்டி, "ஜெயிச்சாச்சு அக்கா!" என்றார்கள். டீயை வாங்கிக் குடித்தாள். போன் பைக்குள்ளேயே கிடந்தது.

எண்ணிக்கை ஜில்லா ஊரின் கல்லூரிக் கூடத்தில் நடந்தது. தானம்மா ஆறாம் மேஜைக்கு நிங்கப்பாவின் முகவர். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாற்காலி. பக்கத்தில் தேசாயின் முகவர், மஹந்தேஷ் என்ற வக்கீல். சந்தேகச் சீட்டுகளை முடிவு செய்ய ஒரு அதிகாரி வலைக்கு அந்தப் பக்கம் இருந்தார். களைத்த முகம், ஆனால் நியாயமான மனுஷர் என்று பார்த்ததுமே தெரிந்தது. அதுதான் வினை. அயோக்கியனாக இருந்திருந்தால் தானம்மா சண்டை போட்டிருப்பாள்.

முதலில் டிக்குகள் வந்தன. வண்டி வண்டியாக வந்தன. பிறகு கையெழுத்துகள். ஒரு சீட்டில் 'பார்த்தேன்' என்று எழுதியிருந்தது. இப்படித் தள்ளியதில் தேசாயின் ஓட்டும் போனது, நிங்கப்பாவின் ஓட்டும் போனது. இரண்டு முகவர்களும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு கன்னட ஒன்றுகள் வர ஆரம்பித்தன. முதலில் வந்தது வாய் நன்றாகத் திறந்த, அழகான ஒன்று. பார்த்ததும் தன் எழுத்து என்று தானம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அதிகாரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "செல்லும்" என்று நிங்கப்பாவின் தட்டில் போட்டார். அந்தக் கணத்தில் அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சற்று நேரத்தில் இன்னொன்று வந்தது. வட்டம். அடியில் மை ஊறி, இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இது சைபர் சார்," என்றான் மஹந்தேஷ்.

"ஒந்து! கன்னட ஒந்து!" தானம்மா எழுந்துவிட்டாள். "விதியிலயே இருக்கு, செல்லும்."

"விதி எனக்கும் தெரியும் டீச்சர். கன்னட எண் செல்லும். இது ஒந்துதானாங்கறதுதான் கேள்வி." அதிகாரி சீட்டை வலைக்கருகில் கொண்டுவந்து காட்டினார். "நீங்க என்ன பாடம்?"

"கன்னடம்."

"அப்ப ரொம்ப நல்லது. நீங்களே சொல்லுங்க. உங்க வகுப்புல ஒரு பையன் ஒந்துன்னு இப்படி எழுதினா, சரி போடுவீங்களா, தப்பு போடுவீங்களா?"

சரி போடுவேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அந்தச் சீட்டு அந்தத் தட்டில் விழுந்திருக்கும். மனுஷர் அவளை நம்பித்தான் கேட்டார். ஆனால் முப்பது வருஷ வாய், மூளையைக் கேட்காமல் பேசிவிட்டது.

"தப்பு," என்றாள்.

"அவ்வளவுதான். எழுதிக்கோங்கப்பா, அடி மூடியிருந்தா சைபர். எல்லா மேஜைக்கும் இதே முறை."

எல்லா மேஜைக்கும் என்பதைக் கேட்டதும்தான் தன் பதிலின் விலை தானம்மாவுக்குப் புரிந்தது. உட்கார்ந்தாள். அதன்பிறகு வந்த மூடிய வட்டங்களை அவள் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மஹந்தேஷ் சிரிக்கவில்லை. பாவம் என்று நினைத்தானோ என்னவோ, தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளி வைத்தான்.

தேசாயிடம் டிபன் கேரியர் வாங்கினவர்கள், அவருக்காக ஓட்டுப் போட்டவர்கள், குச்சி மாதிரி நேராக ஒரு ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நிங்கப்பாவை நம்பி, தானம்மாவை நம்பி, பாஷைக்காகவும் சேர்த்துப் போட்டவர்கள் முட்டை போட்டிருந்தார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

மற்ற வேட்பாளர்கள் ஒவ்வொருவராக விழுந்து, அவர்களுடைய இரண்டாம் விருப்பமும் பிரிக்கப்பட்டு, சாயங்காலம் கடைசிச் சுற்றில் இரண்டு பேர் நின்றார்கள். அப்பாசாஹேப் தேசாய், நாலாயிரத்து முன்னூற்றுப் பதினாறு. நிங்கப்பா ஹடபத், நாலாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. பத்தொன்பது ஓட்டு வித்தியாசம். மூடிய வட்டம் என்று தள்ளிய சீட்டுகள் முப்பத்தொன்று. முப்பத்தொன்றும் நிங்கப்பாவின் பெயருக்கு நேரே போட்டவை.

வெளியே பட்டாசு வெடித்தது. நிங்கப்பா ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தார். தானம்மாவைப் பார்த்ததும், "பஸ்ஸுக்கு நேரமாச்சு அக்கா, வாங்க," என்றார். அவ்வளவுதான்.

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தது. பக்கத்து நாற்காலியில் தேசாயின் கல்விச் சங்கத்திலிருந்து வந்த ஒரு புதுக் கணக்கு வாத்தியார் உட்கார்ந்தார். நிங்கப்பா வீட்டுக் கூடத்தில் டியூஷன் எடுப்பதாகச் சொன்னார்கள். தானம்மா அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டாள்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நிங்கப்பாவே வந்தார். கையில் ஒரு ஃபைல். முகத்தில் பழைய தெளிவு கொஞ்சம் திரும்பியிருந்தது.

"அக்கா, வழக்கு போடப் போறேன். தார்வாட் வக்கீல் பாத்துட்டாரு. தோத்தது பத்தொம்பது ஓட்டுல, தள்ளுனது முப்பத்தொண்ணு. அந்தச் சீட்டுங்களைத் திருப்பி எடுத்துப் பாத்தா கேஸு நிக்கும்ங்கறாரு. நாளைக்குள்ள தார்வாட் கோர்ட்டுல போடணும், அப்புறம் கெடு முடிஞ்சுடும்." அவர் ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "முதல் சாட்சி நீங்கதான். ஆறாம் மேஜை. அந்தச் சீட்டெல்லாம் தெளிவான கன்னட ஒந்துன்னு ஒரு சத்தியக் கடிதாசி. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

தானம்மா தாளைத் தொடவில்லை. "காபி போடட்டுமா?"

"அப்புறம் குடிக்கலாம். இன்னொரு விஷயமும் இருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இது தானா நடந்ததில்ல அக்கா. நம்ம ஆளுங்க முப்பத்தொரு பேரு எப்படி ஒரே மாதிரி கன்னடத்துல எழுதுவாங்க? எவனோ தேசாய் ஆளு ஊர் ஊராப் போய் நம்ம ஆளுங்க காதுல ஓதியிருக்கான். கன்னடத்துல எழுதுங்க, கன்னடத்துல எழுதுங்கன்னு. பொறுக்கி, நல்லாத் திட்டம் போட்டுத்தான் செஞ்சிருக்கான். அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

"நிங்கப்பா."

"நீங்க பயப்படாதீங்க, உங்க பேரை அதுல..."

"அது நான்தான்ப்பா."

அவர் சிரித்தார். தானம்மா சிரிக்கவில்லை என்று தெரிய அவருக்குக் கொஞ்சம் நேரமானது.

எல்லாவற்றையும் சொன்னாள். சரி என்று அவரிடம் தலையாட்டிவிட்டு மறுநாளே மீறியதை, ஒன்பது பள்ளிகளை, கைதட்டலை, பால்பாயிண்ட் பேனாவை, பந்தலில் குடித்த டீயை. கடைசியில் அதிகாரி கேட்ட கேள்வியையும், தான் சொன்ன பதிலையும் சொன்னாள். "மூடித்தான் இருந்துச்சு நிங்கப்பா. தப்புன்னு நான்தான் சொன்னேன். இதுல எப்படிக் கையெழுத்துப் போடறது?"

திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் தாளை எடுத்து, ஓரங்கள் சரியாகச் சேரும்படி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து வாசல்வரை போய்ச் செருப்பில் கால் நுழைத்தவர், திரும்பாமலே கேட்டார்.

"உங்க ஓட்டையும் கன்னடத்துலதானே போட்டிருப்பீங்க?"

"ஆமா."

"அது செல்லுச்சா?"

"செல்லுச்சு."

"செல்லும். உங்க எழுத்துதான் எப்பவும் நல்லா இருக்குமே அக்கா," என்று சொல்லிவிட்டு நிங்கப்பா படியிறங்கிப் போனார்.

திங்கட்கிழமை அவர் தார்வாடுக்குப் போகவில்லை.